தூண்டலுக்கு முன்பே ஏறிய தீட்டா

ஈஈஜி (மூளையின் மின் அலைப் பதிவு) தரவில் மோர்லெட் வேவ்லெட்டை (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலு என்று காண உதவும் குறுகிய அலைத்துண்டு) ஓட்டியதும் வந்த முதல் படத்தில், தூண்டலுக்கு 200 மில்லிசெகண்ட் முன்னாலேயே தீட்டா என்ற மெதுவான அலையின் வலு ஏறியிருந்தது. மூளை எதிர்பார்ப்பில் இருக்கிறது என்று விளக்கம் சொல்ல நாக்கு துறுதுறுக்கும். அவசரப்பட வேண்டாம்.

எபோக்கை (ஒவ்வொரு தூண்டலையும் சுற்றி வெட்டும் தரவுத் துண்டு; தூண்டல் வரும் நேரம் 0) -500 முதல் 1000 மில்லிசெகண்ட் வரை வெட்டியிருந்தோம். ஈஆர்பிக்கு (சிக்னலைச் சராசரி எடுத்துக் காணும் மூளைத் துலங்கல்) அது போதும், இதற்குப் போதாது. அதிர்வெண்ணை 6.28ஆல் பெருக்கி, அதனால் வேவ்லெட்டின் சுற்றுகளை வகுத்தால் சிக்மா, அதாவது அதன் நேர அகலம், கிடைக்கும். 3 ஹெர்ட்ஸ், 3 சுற்று என்றால் 159 மில்லிசெகண்ட். பக்கத்துக்கு மூன்று சிக்மா என்று வைத்தால், நடுவிலிருந்து 480 மில்லிசெகண்ட் நீளும். அதாவது தூண்டலுக்கு முந்தைய பகுதி ஏறக்குறைய முழுதும் விளிம்புக் கோளாறுதான் (வேவ்லெட் தரவின் ஓரத்துக்கு வெளியே நீள்வதால் வரும் பிழை). போதாக்குறைக்கு, தூண்டலுக்குப் பிந்தைய எழுச்சியும் பின்னோக்கிக் கசிகிறது. 0 வரை நீட்டிய பேஸ்லைன் (ஒப்பிட எடுக்கும், தூண்டலுக்கு முந்தைய பகுதி) இரண்டையும் விழுங்கியிருந்தது.

ஓரங்களில் பூஜ்யம் நிரப்பிச் சமாளிக்கப் பார்ப்பது வீண். அந்தத் திடீர் வெட்டே புதுக் கோளாறு. வெட்டாத பதிவுக்குத் திரும்பி, ஹைபாஸ் ஃபில்டரை (மிக மெதுவான அலைவுகளை நீக்கும் வடிகட்டி) அங்கேயே போட்டு, -1500 முதல் 2000 வரை வெட்டினோம். பேஸ்லைன் -700 முதல் -350 வரை: தூண்டலிலிருந்து இரண்டு சிக்மாவுக்குச் சற்று அதிகமான தூரம். ட்ரையல்களுக்கு (தூண்டல் தரும் ஒவ்வொரு முறைக்கும்) நடுவே இடைவெளி குறைவு என்றால் இதுவும் கைகொடுக்காது, முந்தைய ட்ரையலின் எழுச்சி பேஸ்லைனுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

சுற்றுகளை 3 ஹெர்ட்ஸில் 3 என்று தொடங்கி 40 ஹெர்ட்ஸில் 10 வரை படிப்படியாக ஏற்றினோம். 40இல் சிக்மா 40 மில்லிசெகண்ட். ஆனால் அதிர்வெண் பக்கம் 4 ஹெர்ட்ஸ் பரவல். ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும்.

வரிசை மாறக் கூடாது. சிக்னலை முதலில் சராசரி எடுத்தால், கட்டம் (ஏற்ற இறக்கம் வரும் நேரம்) ஒத்துப்போகாத அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ட்ரையல்வாரியாகப் பவர் (அலையின் வலு) கண்டு, அதைச் சராசரி எடுத்து, கடைசியில்தான் பேஸ்லைனோடு ஒப்பிட்டு டெசிபல். ஒவ்வொரு ட்ரையலையும் அதன் சொந்த பேஸ்லைனால் வகுத்தால், பேஸ்லைன் தற்செயலாகச் சிறுத்த இரண்டு மூன்று ட்ரையல்களே சராசரியை இழுத்துக்கொண்டு போகும்.

காட்சித் தூண்டலில் 200-300 மில்லிசெகண்டில் அகலமான காமா (வேகமான மூளை அலை) தெரிந்தால், மூளையைப் பார்ப்பதற்கு முன் கண் அசைவுச் சேனலைப் பாருங்கள். நுண்ணிய கண் துடிப்புகளும் அதே இடத்தில்தான் வந்து விழும்.

திருத்திய படத்திலும் தீட்டாவின் ஓரம் 0க்கு முன்னால் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. 3 ஹெர்ட்ஸில் அது போகாது. துலங்கல் தொடங்கிய நேரத்தை அதை வைத்துக் குறிக்காதீர்கள்.