கித்துல்கலைக் காட்டுச் சிற்றாந்தை

ஹட்டனில் இருந்து கினிகத்தேன வழியாக பஸ் கீழே இறங்க இறங்கத் தேயிலை குறைந்து இறப்பர் மரங்கள் வரும், குளிர் போய் வியர்க்கத் தொடங்கும். கித்துல்கலைக்கு நிறையப் பேர் வருவது களனி ஆற்றில் படகு விடத்தான். நாங்கள் போனது ஆற்றுக்கு அந்தப் பக்கக் காட்டில் ஓர் ஆந்தையைப் பார்க்க.

செரண்டிப் சிற்றாந்தை. ஒரு சாண்கூட இல்லை, உடம்பெல்லாம் செம்பழுப்பு, மற்றச் சிற்றாந்தைகளுக்கு இருக்கிற காதுக் கொம்பும் இதற்குக் கிடையாது. உலகத்திலேயே இலங்கையில் மட்டும்தான் இருக்கிறது. 1995இல் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட கித்துல்கலைக் காட்டில் இன்னதென்று தெரியாத ஒரு குரலைக் கேட்டார், அதற்குரிய பறவையைக் கண்ணால் பார்த்தது 2001 ஜனவரியில், சிங்கராஜ மழைக்காட்டில். 2004இல் புதிய இனமாக அறிவித்தபோது அறிவியல் பெயருக்குத் திலோ ஹொஃப்மனின் பெயரை வைத்தார்கள். 1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜவை இயந்திரம் வைத்து வெட்டியபோது அதை நிறுத்தப் போராடியவர் அவர், இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

வழிகாட்டி எங்களைப் பாதையிலேயே நிற்க வைத்துவிட்டு, கொடியும் முள்ளும் பின்னிக்கிடந்த பத்தைக்குள் தனியாக நுழைந்தார். அட்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு காத்திருந்தோம். அப்புறம் கையசைத்தார். இடுப்பளவு உயரத்தில், காய்ந்த இலைகளுக்கு நடுவே அது தூங்கிக்கொண்டிருந்தது, விரல் காட்டிய பிறகும் எனக்குப் பிடிபட நேரமானது. "போதும் மல்லி (தம்பி), வாங்க" என்று சீக்கிரமே கிளப்பிவிட்டார். சரியான மனிதர்.

அழியும் ஆபத்தில் உள்ள இனமாகத்தான் இது பட்டியலில் இருக்கிறது. ஏறத்தாழ 500 மீற்றருக்கு மேல் இதைக் காண முடியாது, தாழ்நில மழைக்காடுதான் இதற்கு வீடு. மேலே எங்கள் மலைகளில் காடு போனது கோப்பிக்கும் தேயிலைக்கும், துரைமார் சொல்ல எங்கள் பாட்டன் பூட்டன்மார் கையாலேயே வெட்டினார்கள். கீழே மிச்சமிருப்பதோ துண்டு துண்டாக, நடுவில் ரோட்டும் வீடும் சிறு தேயிலைத் தோட்டங்களுமாகக் கிடக்கிறது. பெரிய மரங்களை விட்டுவைத்தால் காடு பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இந்த ஆந்தை பகலில் ஒதுங்குவது அடிக்காட்டில், இரவில் பூச்சி பிடிப்பதும் தரையை ஒட்டித்தான். விறகுக்கும் ஏலக்காய்ப் பயிருக்கும் பத்தையைத் துப்புரவு செய்தாலே இதற்கு இடமில்லாமல் போகும்.

நீங்கள் போனால் போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடச் சொல்லி வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள், வேறொரு ஆந்தை தன் எல்லைக்குள் வந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டுவிட்டு வரும். பிளாஷ் வேண்டாம். தூங்கும் இடத்தை மேப்பில் குறித்து யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.