அண்ணாந்து பார்

நேற்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டில் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். பக்தியெல்லாம் இல்லை, டிவி. காரணம் நான்தான் என்று அப்பா திருப்பாதிரிப்புலியூர் தேரடி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாயிற்று.

கூடத்துச் சுவரில் மாட்டத்தான் டிரில் மிஷினோடு டிவி மாட்டுகிற தம்பி வந்தார். "சுவத்துல மரக்கட்டை அடிக்கிறதெல்லாம் எதுக்குண்ணா, ஆங்கர் போல்ட் போட்டா யானையையே கட்டலாம்." நானும் பெருமையாக அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். போல்ட்டை முடுக்க முடுக்க உள்ளே இருக்கிற கூம்பு உறைக்குள் ஏறும், உறை விரியும், ஓட்டையைச் சுற்றி நெட்டித் தள்ளும், அந்த இறுக்கத்தில்தான் நிற்கும் என்றேன்.

"தள்ளுற தள்ளுல சுவரே விட்டுக் குடுத்துட்டா?"

பெரியவருக்கு என்ன தெரியும்.

தாத்தா கட்டிய சுவர், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். 10 எம்எம் டிரில் பிட்டு கேப்பங்களியில் விரல் விட்ட மாதிரி இறங்கியது. உள்ளே தூள் கிடந்தால் பிடிக்காது என்று தம்பி வாயால் ஊதினார். அத்தனையும் என் கண்ணில். அப்புறம் ஸ்பேனர். போல்ட் சுற்றியது. உறையும் சேர்ந்து சுற்றியது. அம்மா நாலு விசில் முடிந்து குக்கரை இறக்கிவிட்டு வந்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு அழுத்து. கையளவு காரை பெயர்ந்து விழுந்தது. "சொம்பு வச்சுக்கலாம்" என்றார் அப்பா.

அங்கிருந்து ஒரு முழம் தள்ளி தாத்தா மரக்கட்டை அடித்து ஆணியில் மாட்டிய கொள்ளுப்பாட்டி படம். 2011 டிசம்பர் 30, தானே புயலில் தாழ்வாரத்து ஓடு போச்சு, முருங்கை போச்சு, பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி எங்கள் கிணற்றடிக்கு வந்தது. பாட்டி அசையவில்லை.

புயலுக்கப்புறம் தாழ்வாரத்துக்குப் போட்ட கான்கிரீட் லிண்டல்தான், அதாவது வாசலுக்கு மேலே போகிற உத்தரம்தான், தாங்கும் என்றார் தம்பி. அங்கே ரெண்டே முடுக்கு, கடித்துக்கொண்டது. ஆக, வாசப்படிக்கு மேலே ஏழடி உயரத்தில் டிவி. செய்தி வாசிக்கிறவர் எங்களைக் குனிந்து பார்க்கிறார். சாய்வு நாற்காலியில் அப்பாவுக்கு மட்டும் பரம சுகம்.

இன்று காலையில் பார்த்தால் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அந்த ஓட்டையை விரலால் பூசிக்கொண்டிருந்தார். சிமெண்ட் இருக்கேப்பா என்றேன்.

"இதுக்கு அது சேராதுடா" என்றார், சுவரைத் தடவிக்கொண்டே.