ஒரு மேட்ச், அப்புறம் அடுத்த வருஷம்

பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டியின் டை ஷீட், அதாவது யாரோடு யார் என்ற அட்டவணை, வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்ததும் உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் தேடுவோம்: முதல் ரவுண்டில் நமக்கு யார்? ராயபுரம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் நானும் அப்படித்தான். முதல் ரவுண்டு ஆடாமலேயே அடுத்ததற்குப் போகிற ‘பை’ (bye) கிடைத்தால் அன்றைக்கு ஸ்டாஃப் ரூமுக்கு டீ என் செலவு. பெரிய மெட்ரிக் பள்ளி வந்து மாட்டினால் பையன்களுக்கு மறுநாள்தான் சொல்வேன். ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

தமிழ்நாட்டில் பள்ளி விளையாட்டை நடத்துவது பள்ளிக் கல்வித் துறை. மேலே முதன்மை உடற்கல்வி ஆய்வாளர், மாவட்டத்துக்கு ஒரு உடற்கல்வி ஆய்வாளர், அதற்குக் கீழே குறுவட்டங்கள். குறுவட்டத்தில் ஏதாவது ஒரு பள்ளி பொறுப்பெடுத்து நடத்தும். விசில் ஊதுவதும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. கால்பந்து, கபடி, கோகோ, வாலிபால், தடகளம் எல்லாம் குடியரசு தினப் போட்டிகளில் வரும். கேரம், சிலம்பம், ஜூடோ, குத்துச்சண்டை பாரதியார் தினப் போட்டிகளில். குறுவட்டத்தில் ஜெயித்த பள்ளி வருவாய் மாவட்டத்துக்குப் போகும், அங்கே ஜெயித்தால் மாநிலம். 1954-இல் தொடங்கிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிக்குப் போவதென்றால், அதற்குத் தனியாக செலக்‌ஷன் வைத்து ஆள் எடுப்பார்கள்.

இதில் பேப்பர் வேலைதான் பாதி. எமிஸ் எண் (கல்வித் துறை தரும் மாணவர் எண்), பிறந்த தேதி, போட்டோ, தலைமையாசிரியர் கையெழுத்து, சீல். ஜனவரி 1-ஐ வைத்துத்தான் வயதுக் கணக்கு. டிசம்பர் கடைசியில் பிறந்த பையன் ஒரு வருஷம் முன்னாலேயே மேல் பிரிவுக்குப் போய் தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களோடு மோதுவான். மேலே ஒரு கடிதம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 2023-இல் பார்த்தோம். தேசியப் பள்ளிப் போட்டிகளுக்கான தகவல் சரியான நேரத்தில் கீழே வராமல் நம் மாணவர்கள் கலந்துகொள்ள முடியாமலே போனது. அமைச்சர் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

முதலமைச்சர் கோப்பை இதில் சேராது. அது விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துவது. மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய் என்பதால் பெற்றோருக்கு அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது. குறுவட்டம் என்றால் "அதுல என்ன சார் குடுப்பாங்க?" என்கிறார்கள். சான்றிதழ் கொடுப்பார்கள். தேசியப் பள்ளிப் போட்டி வரை போய்விட்டால் அந்தச் சான்றிதழுக்கு வேலைவாய்ப்பில் மதிப்பு உண்டு, பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடமும் உண்டு. மீன்பிடி துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் அப்பாக்களுக்கு இதை நின்று நிதானமாகச் சொன்னால் பையனை அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு இருக்கிற குறை வேறு. எங்கள் அணியின் கோல்கீப்பர் காசிமேட்டுப் பையன். கிளவுஸ் அண்ணனுடையது, இரண்டு சைஸ் பெரிது. விரல் நுனியில் பஞ்சை அடைத்து, மணிக்கட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு நிற்பான். ஜூனிலிருந்து காலை ஆறு மணிக்கு வந்து மண்ணில் விழுந்து எழுந்தவன். குறுவட்டத்தில் முதல் மேட்சே மூவாயிரத்துக்கும் மேல் பிள்ளைகள் படிக்கிற பள்ளியோடு. அவர்களுக்கு பெஞ்சில் உட்காரவே ஒரு டீம் இருந்தது. எங்களிடம் பதினொன்றும் மிச்சம் இரண்டும். மூன்று கோல் வாங்கினோம். அவன் மட்டும் இல்லையென்றால் எட்டு வாங்கியிருப்போம். டேப்பை உரித்துக்கொண்டே, "அடுத்த மேட்ச் எப்ப சார்?" என்றான். நாக் அவுட் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கேட்டான்.

என் தங்கை டெக்சாஸில் இருக்கிறாள். அவள் பையன் அங்கே ஹைஸ்கூல் டீமில் சாக்கர் ஆடுகிறான். "வாரத்துக்கு ரெண்டு மேட்ச்ணா, இவனைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றதுலயே என் பொழுது போகுது" என்று அவள் சலித்துக்கொண்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம்தான் அங்கே யார் இதையெல்லாம் நடத்துகிறார்கள் என்று உட்கார்ந்து படித்தேன். யு.ஐ.எல். (யுனிவர்சிட்டி இன்டர்ஸ்காலஸ்டிக் லீக்) என்ற அமைப்பு. 1910-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் பள்ளிகளுக்குப் பேச்சுப் போட்டி நடத்தத் தொடங்கியது, பிறகு விளையாட்டும் அதில் சேர்ந்துகொண்டது. பட்டிமன்றத்தில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கமிட்டி! நம் ஊருக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்.

அவர்களிடம் எனக்குப் பிடித்தது இரண்டு. பள்ளிகளை மாணவர் எண்ணிக்கையை வைத்து 1ஏ-யிலிருந்து 6ஏ வரை பிரிக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்து மாற்றி அடுக்குகிறார்கள். சின்னப் பள்ளி சின்னப் பள்ளியோடுதான் ஆடும். இன்னொன்று, பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து ஒரு டிஸ்ட்ரிக்ட் ஆக்கி, எல்லோரும் எல்லோரோடும் ஆடி முடித்த பிறகுதான் நாக் அவுட். அமெரிக்கக் கால்பந்தில் மிக மோசமான டீமுக்குக்கூட சீசனில் பத்து மேட்ச் வரை கிடைக்கிறது.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 1984-இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள்: பாடத்தில் 70-க்குக் கீழே வாங்கினால் ஆடக் கூடாது. இப்போது தடை மூன்று வாரம். எங்கள் பள்ளியில் இதை அமல்படுத்தினால் டிஃபென்ஸில் ஆளே இருக்காது. பத்தாம் வகுப்புப் பையனை அனுப்ப மாட்டேன் என்று சட்டமே இல்லாமல் சாதிக்கிற கணக்கு வாத்தியார்கள் நமக்குப் போதும்.

சரி, நாம் இங்கே என்ன செய்யலாம்? பதினாறு டீம் வரும் குறுவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாக் அவுட் என்றால் மொத்தம் 15 மேட்ச், எட்டுப் பள்ளிக்கு ஒரே மேட்சோடு அந்த வருஷம் முடிந்தது. நாலு நாலாகப் பிரித்து லீக் வைத்து, ஒவ்வொரு குரூப்பிலும் முதல் டீமை செமிக்கு அனுப்பினால் 27 மேட்ச். கூடுதலாகப் பன்னிரண்டே மேட்சில் எல்லாப் பையனும் மூன்று முறை ஆடிவிடுவான். குரூப் பிரிக்கும்போது பள்ளியின் அளவைப் பார்த்து அடுக்கினால் இன்னும் நல்லது. மேட்ச் நேரத்தைக் குறைத்தால் ஒரு மைதானத்தில் ஒரு நாளைக்கு ஆறு ஓட்டலாம்.

மைதானம்தான் பிரச்சினை என்பார்கள், உண்மைதான். எங்கள் பள்ளி முற்றத்தில் கார்னர் கிக் அடிக்க வேண்டுமானால் சைக்கிள் ஸ்டாண்டுக்குள் போய் நிற்க வேண்டும். இந்தப் பக்கத்தில் கேரம் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு போர்டும் ஒரு குண்டு பல்பும் போதும். புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு ஆறாம் வகுப்புப் பெண்கள் கேட்பதெல்லாம் ஸ்ட்ரைக்கர்தான். ஆனால் பந்து ஆடுகிறவனுக்கு மண் வேண்டும். மாநகராட்சி மைதானத்தை ஒரு வாரம் காலையில் மட்டும் ஒதுக்கித் தந்தாலும் போதும்.

இதை எழுதி குறுவட்டக் கூட்டத்தில் கொடுத்தேன். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். காலாண்டுத் தேர்வு வந்துவிடும் என்றார் ஒருவர். இந்த முறை போட்டியை நடத்துகிற பள்ளியின் மூத்த மாஸ்டர், நான் மதிப்பவர், கடைசி வரை படித்துவிட்டுக் கேட்டார்: "இருபத்தேழு மேட்ச் சரிப்பா. ரெஃப்ரிங்களுக்கு சாப்பாடு யாரு போடுறது?" மேலிருந்து வரும் பணம் அவருக்கு இப்போதே பற்றுவதில்லை, கைக்காசு போட்டுத்தான் நடத்துகிறார். பதினான்கு வயதுப் பிரிவுக்கு மட்டும் இந்த வருஷம் லீக் வைத்துப் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு டீச்சர் சாப்பாட்டுக்குத் தன் பள்ளியின் பழைய மாணவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். விசிலுக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன்.