இந்த வருட லிஸ்ட் – யாங்கோன், டிசம்பர் 2024

2 டிசம்பர், திங்கள்

கண் ஆபரேஷன் முடிந்து அப்பா குப்புறப் படுத்து இன்றோடு ஏழு நாள். நெற்றிக்கும் தாடைக்கும் முட்டுக் கொடுத்து நடுவில் பள்ளம் விட்ட தலையணை, அம்மா தைத்தது. அப்பா அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பிசிறு தட்டுது, ஓவர்லாக் போட்டிருக்கலாம்" என்றார். தடின்ஜுட் என்னும் பர்மிய விளக்குத் திருவிழா முடிந்து கல்யாணத் துணிகள் எங்கள் தையல் கடையில் குவிந்து கிடக்கின்றன. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கரண்டு காலை 5 முதல் 9 வரை. சோறு, மோட்டார், இன்வெர்ட்டர், போன் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். இன்று முதல் படம் இறக்குவதும் சேர்ந்துகொண்டது. வருடக் கடைசியில் பிடித்த படங்களை வரிசைப்படுத்தி லிஸ்ட் போடுவது எங்கள் வழக்கம். அப்பாதான் கேட்டார்: "லிஸ்ட் எழுதணுமே பாப்பா, டிசம்பர் வந்துருச்சு. நீ போடு, நான் கேக்குறேன்."

3 டிசம்பர்

மகாராஜாவில் ஆரம்பித்தது தப்பு. ஜூனில் வந்தபோது எனக்கு மிகவும் பிடித்த படம். கதையை முன்னும் பின்னுமாக வெட்டி அடுக்கியிருக்கும் விதத்தைப் பற்றித் தம்பியிடம் ஒரு மணி நேரம் போனில் பேசியிருக்கிறேன். காதால் மட்டும் கேட்டால் அந்த அடுக்கு சரிந்துவிடுகிறது. தாடி, சட்டை, வீட்டுச் சுவர் இவற்றை வைத்துத்தான் இது அன்றைக்கு, இது இன்றைக்கு என்று நம் கண் பிரித்துக்கொள்கிறது. அப்பா பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "இது முன்னாடி நடந்ததா, இப்ப நடக்குறதா?" என்று கேட்டார். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். லட்சுமி என்பது குப்பைத் தொட்டி என்று தெரிந்த இடத்தில் முதுகு குலுங்கச் சிரித்துவிட்டார். அம்மா ஓடி வந்து, ஆடக்கூடாது என்று தோளைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி பாங்காக்கிலிருந்து பேசினான். நவம்பர் 29 முதல் மகாராஜா சீனாவில் ஓடுவதைச் சொல்லி, அவன் லிஸ்டில் முதலிடம் அதற்குத்தான், இனி மாற்றமாட்டேன் என்றான்.

5 டிசம்பர்

பரிசோதனை. விழித்திரை ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் விட்ட வாயுக் குமிழி சரியாக நிற்கிறதாம். விழித்திரை ஒட்டிவிட்டதா என்று கேட்டேன், பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். விழித்திரை என்ற வார்த்தைக்குள் ஒரு திரை இருப்பதை இத்தனை வருடம் கவனித்ததே இல்லை.

6 டிசம்பர்

அமரன் நேற்று ஓடிடிக்கு வந்துவிட்டது. துப்பாக்கிச் சத்தம் வீட்டுக்குள் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். இயர்போனில் ஒரு முனை அப்பாவுக்கு, ஒரு முனை எனக்கு. இடைவேளை வரைதான் கேட்டோம். சாய் பல்லவி போனில் பேசுகிற இடங்களில் அப்பா தலையணையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு மூச்சு விடுறதுலயே எல்லாம் தெரியுது." மீதியை அவரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை.

7 டிசம்பர்

இரவு அப்பா மல்லாந்து படுத்திருந்தார், படுக்கக்கூடாது. நான் பார்த்தது மூன்று மணிக்கு. அதற்கு முன் எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்?

8 டிசம்பர், ஞாயிறு

கொட்டுக்காளி.

செப்டம்பர் கடைசியில் இதைத் தனியாகப் பார்த்துவிட்டு எட்டாவது இடத்தில் எழுதி வைத்திருந்தேன். "மெதுவாகப் போகிறது, பாதி நேரம் ரோடுதான்" என்று பக்கத்தில் குறிப்பு வேறு. இன்று அப்பாவுக்குப் பக்கத்தில் பாயில் நானும் குப்புறப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னணி இசை கிடையாது. அழு என்றோ பயப்படு என்றோ சொல்ல ஒரு வயலின்கூட இல்லை. ஷேர் ஆட்டோ எஞ்சின், கூட வரும் பைக்குகள், காலைக் கட்டிய சேவல், காற்று, அத்தைமாரின் பேச்சு. தொண்டையில் சுண்ணாம்பு தடவிய சூரியின் கரகரத்த குரல். இவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் அப்பா எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "பைக்கு ஒண்ணு பின் தங்கிருச்சு." "இப்ப மண் ரோட்டுக்கு வந்துட்டாங்க." ஆட்டோ நின்றதும் என் கையைப் பிடித்தார்: "ரோட்டுல எதுவோ மறிச்சு நிக்குதா?" காளை, அப்பா. ஆம்பளைகள் ஒருத்தரும் கிட்டே போகவில்லை, ஒரு சின்னப் பெண் வந்து ஓட்டிக்கொண்டு போகிறாள். "அப்படித்தான் நடக்கும்" என்றார்.

அப்புறம் கேட்டார், "அந்தப் பொண்ணு எங்க உக்காந்திருக்கா?" மீனா கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள், அவள் வாயைத் திறப்பதில்லை. எப்படி விளக்குவது என்று நான் யோசிப்பதற்குள் அவரே சொன்னார்: "சுத்தி எல்லாரும் பேசுறாங்க, நடுவுல ஒரு எடம் மட்டும் ஓட்டையா இருக்கு. அங்கதான் இருக்கா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மீனாவாக நடித்த அன்னா பென்னின் முகத்தை முழுப் படமும் பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. இந்தப் படத்தை எடுத்த வினோத்ராஜின் கூழாங்கல் 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியபோது, சத்தமில்லாத படம் எடுப்பவர் என்று நினைத்துக்கொண்டேன். தப்பு. சத்தத்தை இவ்வளவு நம்புகிறவர் வேறு யார் இருக்கிறார்கள்?

முடிவில் படம் சட்டென்று நின்றுவிடுகிறது. அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். "முடிஞ்சிருச்சா? கரண்டு போயிருச்சுன்னு நெனச்சேன்." அதற்கப்புறம் ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

11 டிசம்பர்

நிமிர்ந்து உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். மல்லாந்து மட்டும் படுக்கக்கூடாது. கண்ணுக்குள் வாயு இருக்கும்வரை எல்லாம் பால் ஊற்றிய மாதிரிதான் தெரியும் என்கிறார்கள். கை அசைந்தால் தெரிகிறது. எத்தனை விரல் என்று தெரியவில்லை. இடது கண்ணை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, எனக்கு நினைவு தெரிந்த நாளாக அதற்கு வெளிச்சம் மட்டும்தான்.

அந்த மூன்று மணி விஷயத்தை டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகை தீபம். எங்கள் தெருவுக்குக் கரண்டு இல்லாத நேரம், அதனால் அகல்கள் நன்றாகத் தெரிந்தன. அப்பா ஒவ்வொன்றுக்கும் நேராகக் கையை நீட்டி எண்ணினார். பதினொன்று என்றார். பன்னிரண்டு ஏற்றியிருந்தோம். ஒன்று அணைந்திருந்தது.

15 டிசம்பர்

மெய்யழகன் கேட்டோம். மூன்று நாள் தள்ளிப் போட்டிருந்தேன். என் முதலிடம் அது. அப்பாவுக்குப் பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம்.

1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பம். 22 வருடம் கழித்து அருள் ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஒருவன் "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் என்ன என்று அருளுக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. ராத்திரி முழுக்கப் பேச்சு. காதுக்கென்றே எடுத்த படம் போல இருந்தது. 1952 பராசக்தியின் கோர்ட் வசனம் கண்ணை மூடிக்கொண்டாலும் ஓடும் என்பார் அப்பா. இது அந்த மாதிரி வசனம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து நம் வீட்டு ஆட்கள் பேசுவது போல, நடுவில் வாக்கியத்தை விட்டுவிட்டு வேறு எதையோ பேசுவது. கமல் பாடிய "யாரோ இவன் யாரோ" வந்தபோது அப்பா தொடையில் தாளம் போட்டார்.

படம் வந்த பிறகு 18 நிமிடம் வெட்டினார்கள். செய்திருக்கக் கூடாது. ராத்திரிப் பேச்சு நீளமாகத்தான் இருக்கும், அதைச் சுருக்கினால் பேச்சு என்ன ஆவது?

படம் முடிந்ததும் அப்பா பெரிய தாத்தாவைப் பற்றி ஆரம்பித்தார். 1964இல் இங்கே கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, 50, 100 நோட்டு செல்லாமல் போன வருடம், பெரிய தாத்தா குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். தாத்தா நான் வரவில்லை என்றுவிட்டார். கப்பல் துறையில் அண்ணன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு திரும்பினாராம். இதெல்லாம் நான் நூறு தடவை கேட்டது. இன்று புதிதாக ஒன்று சொன்னார்: "அங்க பொறந்த அவங்க பிள்ளைங்க பேரு எனக்குத் தெரியாது பாப்பா. ஒருநாள் வாசல்ல வந்து நின்னா நானும் அந்த அருள் மாதிரிதான் முழிப்பேன்."

16 டிசம்பர்

மார்கழி பிறந்தது. விடிகாலையில் திருப்பாவை கேட்டது. கண்ணுக்கு ஊற்றும் சொட்டு மருந்து தீரப் போகிறது, விலை போன வாரத்தைவிடக் கூடுதல்.

18 டிசம்பர்

கோடு வந்துவிட்டது!

காலையில் எழுந்து, "மேல ஏதோ தெளியுது" என்றார். சுவர்க் கடிகாரம் இருக்கும் உயரத்துக்கு மேல் தெளிவு, அதற்குக் கீழே பால். நடுவில் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு, தலையை அசைத்தால் தளும்புகிறதாம். வாயு கரையக் கரையக் கோடு கீழே இறங்கும். கூரைத் தகரத்தின் ஆணிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். துருப்பிடித்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். அம்மா சமையலறைக்குள் போய் வெகு நேரம் வரவில்லை.

20 டிசம்பர்

விடுதலை இரண்டாம் பாகம் இன்று தமிழ்நாட்டில் ரிலீஸ். அது இந்த வருட லிஸ்டுக்கு வராது. எங்களுக்கு அடுத்த வருடம்தான்.

22 டிசம்பர்

வாழை போட்டிருக்கக் கூடாது. வாழைத்தார் ஏற்றிய லாரியில் ஆட்களும் ஏறிப் போகிறார்கள், லாரி கவிழ்கிறது. இயக்குநர் மாரி செல்வராஜின் சிறு வயதில் நடந்த விபத்து. திரையில் பார்த்தபோது அழுதேன், ஆனால் பார்த்துக்கொண்டே அழுதேன். இருட்டில் கேட்டால் அந்த ஒப்பாரி நம் தெருவில் நடப்பது போல இருக்கிறது. "என்ன ஆச்சு? பையன் என்ன செய்றான்?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். சோறு தின்கிறான் அப்பா, பசி, அவ்வளவு பேர் செத்துக் கிடக்க அவன் பசியில் சோறு தின்கிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. என்னால் சொல்ல முடியாத படத்தை எத்தனையாவது இடத்தில் வைப்பது?

24 டிசம்பர்

தங்கலான் அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டோம். அது கண்ணுக்கான படம், கண் வந்த பிறகு பார்க்கலாம் என்றார். வந்த பிறகு என்றார்.

ஜமா நேற்று. தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டுகிறவனின் கதை. மிருதங்கம் ஏறும் இடங்களில் இளையராஜா தெரிகிறார். தாத்தா ஊரில் தீமிதிக்கு முந்தின ராத்திரி கூத்து நடக்கும், வேடம் கட்டியவர்கள் பகலில் வயலில் நிற்பார்கள் என்று அப்பா சொன்னார். பேசப்பட வேண்டிய அளவுக்கு யாரும் பேசாத படம்.

28 டிசம்பர், சனி

விஜயகாந்த் போய் ஒரு வருடம். லப்பர் பந்து இன்றைக்கென்றே வைத்திருந்தேன். கெத்து என்கிற ஆட்டக்காரர் மட்டையோடு இறங்கும்போது "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" போடுகிறார்கள். 1989இல் வந்த விஜயகாந்தின் பொன்மனச் செல்வன் பாட்டு. அப்பா அதை வீடியோ கொட்டகையில் பார்த்தவர். முதல் வரி கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். கோடு தளும்பியிருக்கும். உட்காருங்கள் என்று அம்மா அதட்டினார். அவர் நின்றபடியே முழுப் பாட்டையும் பாடினார்.

ரப்பர் பந்து மட்டையில் படும் சத்தத்தை வைத்து நடு மட்டையில் பட்டதா, விளிம்பில் பட்டதா என்று சொன்னார். பெரும்பாலும் சரியாக இருந்தது. நாற்பது தாண்டியும் ஆடப் போகும் புருஷன், அதனால் வீட்டை விட்டுப் போகும் பெண்டாட்டி. அட்டகத்தி தினேஷும் சுவாசிகாவும் பேசாமல் நிற்கும் இடங்களை மட்டும் நான் சொல்ல வேண்டியிருந்தது.

30 டிசம்பர்

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். மெய்யழகன் ஒன்று. கொட்டுக்காளி எட்டிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டது. ஒன்றுக்கே வந்திருக்கும். ஆனால் ஒரு படம் முடிந்த பிறகு அப்பா எங்கள் பழைய கதையில் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாரே, அதற்கு மேல் ஒரு படம் என்ன செய்ய முடியும்? மூன்று லப்பர் பந்து. ஜமா நான்கு. மகாராஜாவை ஆறுக்கு இறக்க மனம் வலிக்கிறது, தம்பி சண்டைக்கு வருவான். ஐந்தாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வாழைக்கு.

கோடு இப்போது பாதியில். அப்பா ஊசியைக் கோட்டுக்கு மேலே தூக்கி, முகத்தைச் சாய்த்து, நூலைக் கோத்தார். நான்காவது தடவை கோத்துவிட்டார். கோத்த ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டார். பக்கவாட்டில்தான். நான் இரண்டு தடவை எழுந்து பார்த்தேன்.

31 டிசம்பர்

லிஸ்ட் வாசித்தோம். தம்பி போனில். அப்பா எழுதாமல் வாயால் சொன்னார்: கொட்டுக்காளி, லப்பர் பந்து, மெய்யழகன். "மத்ததெல்லாம் நான் பாக்கவே இல்ல" என்றார். தம்பி சண்டை போடவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

1 ஜனவரி 2025

நாளை மறுநாள் பரிசோதனை. அந்த மூன்று மணி விஷயத்தை இந்தத் தடவை சொல்லிவிடுவேன்.

கொட்டுக்காளியை மறுபடி போடச் சொன்னார். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மேல் பாதி தெரிகிறதாம். ஆட்டோ கூரை, மரம், வானம், ஆட்களின் தலை மட்டும். "இவ்வளவு வெயிலா? கேட்டப்ப வெயிலே தெரியலையே" என்றார். காளை வருவதற்குள் சார்ஜ் போய்விட்டது. தெருவில் பிள்ளைகள் "மீ லாபி", கரண்டு வந்துவிட்டது, என்று கத்துகிறார்கள், எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை.