ஐடிலிங்கில் மினுக்கிய ஆயில் விளக்கு

என்னிடம் இருப்பது பழைய பெட்ரோல் கார். நாலு சிலிண்டர், கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட் தட்டி ஓட்டும் மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்ப். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டாஷ்போர்டில் ஆயிலுக்கென்று இருப்பது ஒரே ஒரு சிவப்பு விளக்கு. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றபோது அது மினுக்கியது. லேசாக ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் அணைந்தது, விட்டால் மறுபடியும் மினுக்கியது. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினேன்.

டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டுக்கும் ஒரு விரல் நகம் அளவு மேலே நின்றது. 'ஆயில் குறையவில்லை, நல்லவேளை' என்று சந்தோஷப்பட்டுக் குச்சியைத் திரும்பச் செருகினேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து என் தலையில் நானே குட்டிக்கொண்டது இதற்காகத்தான்.

முதலில் சந்தேகப்பட்டது வயரிங்கை. இந்த விளக்கின் சுவிட்ச் எளிமையானது. பிரஷர் இல்லாதபோது பாடியோடு தொடர்பு கிடைத்து விளக்கு எரியும், பிரஷர் வந்தால் தொடர்பு விட்டு அணையும். இக்னிஷனைப் போட்டுவிட்டு சுவிட்சில் இருக்கும் வயரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கேயோ பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். எனக்கு அணைந்தது. சரி, சுவிட்ச்தான் போய்விட்டது என்று புதிது மாட்டினேன். அதுவும் அதே மாதிரி மினுக்கியது.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் சொன்னேன். "சார், பழைய வண்டி, பேரிங் தேய்ஞ்சிருக்கும். கொஞ்சம் திக்கான ஆயிலா ஊத்துங்க, விளக்கு தானா நிக்கும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, விளக்கு நின்றிருக்கும். ஆனால் இந்த விளக்குகள் பெரும்பாலும் 5 பி.எஸ்.ஐ-யை (பிரஷரை அளக்கும் அலகு) ஒட்டித்தான் எரியத் தொடங்கும். ஆறு இருந்தாலும் அணைந்துதான் இருக்கும், அறுபது இருந்தாலும் அணைந்துதான் இருக்கும். எண் தெரியாமல் எதையும் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்து, மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் ஒன்று வாங்கினேன்.

கேஜை மாட்டுவது அரைமணி வேலை என்று நினைத்தேன். சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அடாப்டரைத் திருகினால் முடிந்தது அல்லவா? இரண்டு சுற்று கையால் இலகுவாகப் போனது, மூன்றாவது சுற்றில் இறுகியது. ஸ்பேனரை எடுத்துவிட்டு, ஏதோ உறுத்தியதால் கீழே வைத்தேன். நல்ல வேளை. ஓட்டையில் இருந்தது எட்டில் ஒரு அங்குல பிரிட்டிஷ் மரை, அங்குலத்துக்கு 28 புரி. என் கையில் இருந்தது அதே அளவு அமெரிக்க மரை, 27 புரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தொடக்கத்தில் ஏறவும் ஏறும். ஸ்பேனர் போட்டிருந்தால் பிளாக்கில் இருந்த மரை போயிருக்கும். சரியான அடாப்டர் வர ஒரு வாரம் ஆனது. கேஜோடு வந்த நைலான் குழாயையும் ஓரமாக வைத்துவிட்டு, கம்பி பின்னிய ஹோஸ் போட்டேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருக்கிறது. நைலான் அதில் பட்டு உருகினால், கொதிக்கும் சூட்டில் இருக்கும் இரும்பின் மேல் ஆயில் பீய்ச்சும்.

முதல் அளவீடு: குளிர்ந்த இன்ஜின், ஸ்டார்ட் செய்ததும் 55. பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தது, ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது, 20 காட்டியது. 'இவ்வளவுதானா, எல்லாம் சரியாக இருக்கிறதே' என்று அன்றைய நாளை முடித்தேன். தப்பு. அந்த முள் சொல்வது தண்ணீரின் சூட்டை. ஆயில் சூடாக அதைவிட ரொம்ப நேரம் பிடிக்கும். மறுநாள் நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. 700 ஆர்.பி.எம் ஐடிலிங்கில் 5, 2000-ல் 24, 3000-ல் 31.

'ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ' என்று ஒரு பேச்சுவழக்குக் கணக்கு உண்டு. அதன்படி 3000-ல் என் இன்ஜின் பாஸ். என் வண்டியின் சர்வீஸ் கையேட்டின்படி சூடான நிலையில் 3000-ல் குறைந்தது 45 வேண்டும், ஐடிலிங்கில் 15. அதன்படி படுதோல்வி. நான் கையேட்டையே நம்பினேன்.

உடனே சம்ப்பை (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றக் கை பரபரத்தது. அதற்கு முன் ஒரு தாளில் அந்த எண்களை எழுதிவைத்துக்கொண்டு யோசித்தேன். ஆயில் பம்ப் உண்மையில் பிரஷரைத் தயாரிப்பதில்லை, ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய ஆயில், சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளிகளின் வழியே கசிந்து வெளியேறச் சிரமப்படுவதால்தான் பிரஷர் வருகிறது. ஆக, குறைந்த பிரஷருக்குக் காரணம் பம்ப் தள்ளவில்லை, ரிலீஃப் வால்வு (பிரஷர் அளவு மீறினால் திறந்துகொள்வது) திறந்தே கிடக்கிறது, ஆயில் நீர்த்துவிட்டது, இடைவெளி அகன்றுவிட்டது என்று இவற்றில் ஒன்றாகவோ இரண்டாகவோ இருக்க வேண்டும். ரிலீஃப் வால்வு திறந்து சிக்கியிருந்தால் குளிர்ந்த இன்ஜினிலும் பிரஷர் ஏறியிருக்காது, எனக்கு 55 வருகிறது. ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயிலுள்ள வலை) நன்றாக அடைத்திருந்தால் வேகம் கூடக்கூட பம்ப்புக்கு ஆயில் போதாமல் முள் இறங்கும், எனக்கு ஏறுகிறது. காற்றை உறிஞ்சினால் முள் நடுங்கும், என்னுடையது அசையாமல் நிற்கிறது. குளிரில் நன்றாக இருந்து, சூட்டில் சரிந்து, வேகத்தில் மீண்டும் ஏறுகிறது என்றால் மிஞ்சுவது மூன்றுதான்: நீர்த்த ஆயில், அகன்ற பேரிங் அல்லது தேய்ந்த பம்ப்.

இவற்றில் சுலபமானது ஆயில் மாற்றுவது. வழக்கமாகப் பழைய ஆயிலை அளந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. இந்த முறை கோடு போட்ட கேனில் வடித்தேன். என் இன்ஜினின் கொள்ளளவு ஃபில்டரோடு சேர்த்து 4 லிட்டர். கேனில் நாலரைக்கு மேல் நின்றது! நான் ஊற்றாத அரை லிட்டர் எங்கிருந்து வந்தது? குனிந்து மோந்து பார்த்தேன். பெட்ரோல்.

அப்போதுதான் டிப்ஸ்டிக் நினைவுக்கு வந்தது. பழைய இன்ஜினில் ஆயில் மட்டம் குறைந்தால் கவலைப்பட வேண்டும், ஏறினால் இன்னும் அதிகமாகக் கவலைப்பட வேண்டும். அன்றைக்கே குச்சியை மூக்கருகே கொண்டுபோயிருந்தால் முதல் பாதி வேலை ரோட்டோரத்திலேயே முடிந்திருக்கும்.

மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்ப்புக்குள் ஒரு ரப்பர் டயாஃப்ரம் உண்டு. அதற்கு மேலே பெட்ரோல், கீழே இன்ஜினின் உள்பக்கம். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சம்ப்புக்குள் இறங்கும். பம்ப்பைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன், நெம்புகோல் இருக்கும் அறை முழுக்க ஈரம். டயாஃப்ரத்தை விரலால் மடக்கினால் மடிப்பில் ஒரு கீறல் வாய் திறந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆகாத பழைய ரப்பர் என்பது என் ஊகம். புது டயாஃப்ரம் கிட் போட்டேன், ஃபில்டரை மாற்றினேன், கையேடு சொல்லும் அதே 20டபிள்யூ-50 ஆயிலையே ஊற்றினேன். நாற்பது நிமிடம் ஓட்டினேன்.

ஐடிலிங்கில் 11. 3000-ல் 38.

விளக்கு அணைந்துவிட்டது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவும் ஆசைப்பட்டேன். ஆனால் பெட்ரோல் கலந்த ஆயிலில் எத்தனை நாள் ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. பழைய ஃபில்டரை வெட்டிப் பார்க்கலாம் என்று ஆக்ஸா பிளேடை வைத்து அறுத்தேன். அது இன்னொரு முட்டாள்தனம். அறுக்கும்போது விழுந்த இரும்புத்தூள் முழுக்க ஃபில்டர் காகிதத்தில் ஒட்டிக்கொண்டது. எது இன்ஜினுடையது, எது பிளேடு போட்டது என்று பிரிக்கக் காந்தம் எடுத்து வந்தேன். காந்தம் இரும்புத்தூளை வாரிக்கொண்டது. பிறகும் காகித மடிப்புகளில் மினுமினுவென்று ஏதோ மிஞ்சியிருந்தது, சில இடத்தில் செம்பு நிறம். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு என்றால் பெரும்பாலும் பேரிங். (இப்போது குழாய் வெட்டுவதுபோலச் சுற்றி வெட்டும் கட்டர் வைத்திருக்கிறேன், தூள் விழாது.)

ஆக, சம்ப்பைக் கழற்றத்தான் வேண்டும். என் வண்டியில் முன்பக்கக் குறுக்குச் சட்டம் வழியை மறிக்கும். இன்ஜின் மவுன்ட் போல்ட்டுகளைக் கழற்றி, இன்ஜினை இரண்டு அங்குலம் தூக்கினால்தான் சம்ப் வெளியே வரும். வண்டியை ஜாக் ஸ்டாண்டுகளில் நிறுத்திவிட்டு அந்த வேலைக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சொல்ல அதில் வேறொன்றும் இல்லை, முழங்கை சிராய்ப்பைத் தவிர.

உள்ளே பார்த்தவுடன் முதலில் வெட்கம்தான் வந்தது. ஸ்ட்ரெய்னர் வலையில் கால்வாசி இடத்தை நீல நிற ரப்பர் துணுக்குகள் மறைத்திருந்தன. முன்பு ஒரு தடவை சம்ப் பேக்கிங் மாற்றியபோது நான் தாராளமாகப் பிதுக்கிய சிலிக்கான் சீலன்ட்தான் அது. வெளியே பிதுங்கினால் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. பிரஷரை இறக்கும் அளவுக்கு இன்னும் அடைக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் அடைத்திருக்கும்.

ஆயில் பம்ப்பைப் பிரித்து, கியர்களின் மேல் ஒரு நேர்க்கோலை வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மேல் இடைவெளியைப் பார்த்தேன். 0.18 மி.மீ. கையேட்டின் வரம்பு 0.10. மூடித் தட்டில் கியர் சுற்றிய வட்டம் நகத்துக்குத் தட்டுப்பட்டது. கனமான கண்ணாடியின் மேல் எமரி ஷீட்டை ஒட்டி, ஆயில் விட்டு, தட்டை எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தினேன். பாடியின் முகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அளந்து அளந்து 0.07-க்குக் கொண்டுவந்தேன். ரிலீஃப் வால்வின் பிளஞ்சர் தன் எடையிலேயே வழுக்கி விழுந்தது, ஸ்பிரிங் நீளமும் சரியாக இருந்தது. ஸ்பிரிங்குக்குக் கீழே வாஷர் வைத்துப் பிரஷரை ஏற்றும் தந்திரம் ஒன்று உண்டு. அது உச்சத்தை மட்டும்தான் உயர்த்தும். சூடான ஐடிலிங்கில் அந்த வால்வு மூடித்தான் இருக்கும், அங்கே வாஷரால் எந்த உபயோகமும் இல்லை.

அடுத்தது பேரிங். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கனெக்டிங் ராடு கேப்பை மட்டும் கழற்றினேன். கேப்பில் இருக்கும் எண்ணும் திசையும் மாறிவிடக் கூடாது. ஷெல்லின் (பேரிங்காக இருக்கும் அரைவட்டத் தகடு) சாம்பல் பூச்சு நடுவில் தேய்ந்து, அடியில் இருக்கும் செம்பு எட்டிப்பார்த்தது. ஃபில்டரில் மினுங்கியது இதுதான். பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் நூலை ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டின் பகுதி) மேல் வைத்து, கேப்பை டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்கி, மறுபடி கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் இருக்கும் அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். இடையில் கிராங்க் ஷாஃப்ட்டை அசைக்கவே கூடாது. முதல் முறை அசைத்துவிட்டேன், நூல் இழுபட்டு வீணானது. நான்கு ராடிலும் 0.09-க்கும் 0.10-க்கும் இடையில் வந்தது. கையேடு சொல்வது 0.03 முதல் 0.07 வரை.

0.03 மி.மீ வித்தியாசம் ஒரு முடியின் கனம்கூட இல்லையே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் குறுகிய இடுக்கின் வழியே கசியும் அளவு இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்றபடி கூடும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. பம்ப் தள்ளும் அளவோ அதேதான். ஐடிலிங்கில் பிரஷர் எங்கே போனது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம்.

ஜர்னல்களை மைக்ரோமீட்டரால் இரண்டு திசையில் அளந்தேன். ஸ்டாண்டர்டு அளவு, 0.01-க்குள் வட்டம். கிராங்க்கைக் கழற்றிக் கிரைண்டிங்குக்கு அனுப்பத் தேவையில்லை என்றதும் பெருமூச்சு விட்டேன். ஸ்டாண்டர்டு ஷெல்களே போட்டேன், புதிதில் 0.045 காட்டியது. கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளில் நடுவிலுள்ளதை மட்டும் பார்த்தேன். வண்டிக்குள் வைத்தே அளக்கும்போது கிராங்க் தன் எடையில் கீழே தொங்கி அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால், அடியிலிருந்து ஜாக்கால் லேசாக ஏந்திப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். 0.07 வந்தது. வரம்பின் விளிம்பு. மாற்றலாமா என்று ஒரு இரவு முழுக்க யோசித்து, அப்படியே விட்டேன். சோம்பேறித்தனமும் அதில் பாதி உண்டு.

திரும்பப் பொருத்தும்போது பம்ப்புக்குள் பெட்ரோலியம் ஜெல்லியை அடைத்தேன். காலியான பம்ப் ஆயிலை உறிஞ்சத் தடுமாறும், ஜெல்லி இருந்தால் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும், பிறகு ஆயிலில் கரைந்துவிடும். கிரீஸ் வேண்டாம், அது அவ்வளவு சுலபமாகக் கரையாது. சம்ப்புக்கு வெறும் பேக்கிங், சீலன்ட் மூலைகளில் மட்டும் கடுகளவு.

ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டேன். ஐந்து விநாடி, ஒன்றுமில்லை. பத்து விநாடி, ஒன்றுமில்லை. நிறுத்தி, பம்ப்பைத் தலைகீழாக மாட்டிவிட்டேனோ என்றெல்லாம் யோசித்துவிட்டு மறுபடி சுற்றினேன். முள் ஒரு துள்ளு துள்ளி 30-ல் நின்றது. அப்புறம்தான் பிளக்குகளை மாட்டினேன்.

நாற்பது நிமிடம் ஓட்டிய பிறகு: ஐடிலிங்கில் 19, 2000-ல் 37, 3000-ல் 48.

500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்தேன். கேனில் சரியாக நாலு லிட்டர். ஃபில்டரைக் கட்டரால் வெட்டிப் பார்த்தேன், முதல் ஓட்டத்தில் உதிர்ந்த இரண்டு மூன்று பொட்டுகள் தவிர மடிப்புகள் கறுப்பாகவே இருந்தன. சூடான ஐடிலிங்கில் 18. ஒன்று குறைந்திருக்கிறது. அன்று வெயில் அதிகம். அந்த மெயின் பேரிங்காகவும் இருக்கலாம். கேஜைக் கழற்றாமல் டாஷ்போர்டுக்குக் கீழே நிரந்தரமாக மாட்டிவிட்டேன்.