மாமரத்தடியில் நின்ற அரசன்

விடியும் முன்பே, இலங்கையின் அநுராதபுரத்துக்கு அருகிலுள்ள மிகிந்தலை மலையின் முதல் படியில் கால் வைத்தேன். மொத்தம் 1,840 படிகள். இரண்டு பக்கமும் ஈழத்தலரி மரங்கள். உதிர்ந்து கிடந்த பூக்களை மிதிக்க மனம் வராமல் ஒதுங்கி ஒதுங்கி ஏறினேன்.

அநுராதபுரத்துக்குப் பலமுறை வந்து புனித அரசமரமான ஸ்ரீ மகாபோதியை வணங்கியிருக்கிறேன். இந்த மலைக்கு இப்போதுதான் வருகிறேன். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்துக் கிடந்த செய்தியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எங்கே போய் இதை இறக்கி வைப்பது என்று யோசித்தபோது மிகிந்தலைதான் நினைவுக்கு வந்தது.

ஏனென்றால் இது ஒரு வேட்டை நின்றுபோன இடம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில், ஜூன் மாதப் பௌர்ணமியான பொசன் நாளில், அநுராதபுர அரசன் தேவநம்பிய தீசன் ஒரு மானைத் துரத்திக்கொண்டு இந்த மலைக்கு வந்தான். "தீசா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த துறவி மகிந்த தேரர். பிறகு அவர் கேட்ட கேள்விகளை இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. இது என்ன மரம்? மாமரம். இதைத் தவிர வேறு மாமரங்கள் உண்டா? நிறைய உண்டு. மாமரம் அல்லாத மரங்கள்? அவையும் நிறைய. அவை எல்லாவற்றையும் விட்டால்? "இந்த மாமரம்தான், சுவாமி."

அரசனின் அறிவைச் சோதிக்கக் கேட்டது என்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வில்லும் கையுமாக வந்தவனை எதிரே நிற்கும் ஒரு மரத்தை முழுதாகப் பார்க்க வைத்துவிட்டார் தேரர்.

"பறவைக்கும் விலங்குக்கும் இந்த மண்ணில் உனக்குள்ள அதே உரிமை உண்டு, நீ இதன் காவலன் மட்டுமே" என்று அவர் உபதேசித்ததாக வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1997இல் தன்யூப் நதி அணை வழக்கில், சர்வதேச நீதிமன்றத்தில் இருந்த இலங்கை நீதிபதி வீரமந்திரி தன் தனித் தீர்ப்புரையில் இந்த வார்த்தைகளை எடுத்துக் காட்டினார். அந்தச் சந்திப்பு நடந்த இடம் எனப்படும் அம்பஸ்தலத்துத் தாதுகோபத்தின் (தூபியின்) முன்னால் உட்கார்ந்து இதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

கொண்டுவந்த தாமரைகளைப் படைத்தேன். அவற்றைச் சுற்றியிருந்த பொலித்தீன் பை கையில் மிஞ்சியது.

அப்போதுதான் புத்தரின் சீடர் ஆனந்தரின் கதை ஞாபகம் வந்தது. பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் உள்ளது. அவருக்கு 500 சீவர ஆடைகள் (துறவியர் உடைகள்) தானமாகக் கிடைத்தன. இத்தனையையும் என்ன செய்வீர்கள் என்று உதயண மன்னன் கேட்டான். ஆடை நைந்துபோன பிக்குகளுக்குக் கொடுப்போம் என்றார். அப்புறம் பழைய ஆடைகளை? விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். அதுவும் பழசானால் தரைவிரிப்பு, அப்புறம் கால்மிதி, அப்புறம் தூசு தட்டும் துணி. கடைசியில் அதையும் கிழித்து மண்ணோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்றார்.

தண்ணீரில் இருக்கும் சிற்றுயிர் சாகக்கூடாது என்று வடிதுணி வைத்திருந்தவர்கள் அந்தப் பிக்குகள். மழைக்காலத்தில் இளம்புல்லையும் பூச்சிகளையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் முறையிட்டபோது, அந்த மாதங்களில் ஓரிடத்திலேயே தங்க வேண்டும் என்று புத்தர் விதித்தார். அதுதான் இன்றும் தொடரும் வஸ் காலம். அகிம்சை என்றால் மனதுக்குள் இருக்கும் நல்லெண்ணம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்களுக்கோ அது காலடியிலும் தண்ணீர்ப் பாத்திரத்திலும் இருந்திருக்கிறது.

அந்த மன்னன் என்னிடம் கேட்டால்? இந்தப் பையை அடுத்து என்ன செய்வாய்? அதற்கடுத்து? இரண்டாவது கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை.

மேலே மகாசாய என்ற பெரிய தாதுகோபத்தைச் சுற்றி வந்தேன். கீழே பச்சைக் காடும் நடுநடுவே குளங்களும் காலை வெயிலில் மின்னின. இறங்கும் வழியில் குரங்கு ஒன்று எவரோ எறிந்த பொலித்தீனைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தது. மெல்ல அருகே போய் நின்றேன். அது போட்டுவிட்டு மரத்தில் தாவியது. எடுத்து மடித்து, என் பையோடு சேர்த்து வைத்துக்கொண்டு இறங்கினேன்.