கடிவாளமும் பல்லவியும்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது விளையாட்டுப் போட்டியையோ பரிசளிப்பு விழாவையோ எழுத மனம் வரவில்லை. அவற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். என் மனதில் நிற்பது ஓர் ஆங்கிலப் பாடவேளை. அன்று முழுக்க நாங்கள் படித்தது ஒரே ஒரு சொல்: ரிஃப்ரெய்ன் (refrain).

மொழிபெயர்ப்புப் பயிற்சி நடந்தது. கவிதை ஒன்றின் ஒவ்வொரு பகுதியும் ரிஃப்ரெய்னோடு முடிகிறது என்றொரு வரி. 'தவிர்த்தலோடு முடிகிறது' என்று எழுதிவிட்டேன். அறிவித்தல் பலகைகளில் 'தவிர்க்கவும்' என்ற பொருளில்தான் அந்தச் சொல்லைக் கண்டிருந்தேன். ஐயா பிழை போடவில்லை. "தம்பி, இது ஒரு சொல் இல்லை, ரெண்டு சொல்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

'தவிர்' என்னும் வினைச்சொல்லின் வேர் லத்தீனில் கடிவாளம். வாய்வரை வந்த சொல்லை, நீட்டிய கையை, தானே இழுத்துப் பிடிப்பது. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் 'நாவை ரிஃப்ரெய்ன் செய்' என்ற பொருளில் வருகிறது. இன்று அப்படி ஒரு செயப்படுபொருளை நேராகச் சேர்த்து எழுதுவதில்லை. பிறரைத் தடுப்பதற்கு ரிஸ்ட்ரெய்ன். வாக்கெடுப்பில் ஒதுங்கியிருப்பதற்கு அப்ஸ்டெய்ன். ரிஃப்ரெய்ன் பெரும்பாலும் அந்தக் கணத்துக்கான அடக்கம். ஐம்புலன்களை அறிவென்னும் தோட்டியால், அதாவது அங்குசத்தால், காப்பதைச் சொல்லும் 24ஆம் குறளை அன்று ஐயா எடுத்துச் சொன்னார். யானைக்குத் தோட்டி, குதிரைக்குக் கடிவாளம். இரண்டு மொழிகளும் அடக்கத்தை விலங்கை நடத்தும் கருவியாகக் கண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

பெயர்ச்சொல்லின் வழி வேறு. பழைய பிரெஞ்சின் ஊடாக, 'உடைத்தல்' என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. "அடுத்த பாடம் பௌதிகம்தானே? ஒளிமுறிவு, ரிஃப்ராக்ஷன், படிப்பீங்கள். அந்த முறிவுதான் இதுவும்" என்றார். பாட்டின் ஓட்டத்தை முறித்துத் தொடங்கிய இடத்துக்கே திருப்புகிற வரி. எங்கள் இசையில் அதற்கு நெருங்கியது பல்லவி. தமிழிசைக்காரர் எடுப்பு என்பார்கள். ஒருவர் ஓயாமல் சொல்லும் பேச்சையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பார்கள். நாமும் 'பழைய பல்லவியையே பாடுகிறான்' என்கிறோமே!

பின்னாளில் நான் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டேன். நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற சொல்லையும் அகராதியில் ஒருமுறை பார்ப்பது அந்தப் பாடவேளை தந்த பழக்கம். கோபத்தில் எழுதிய கடிதங்களை அனுப்பாமல் வைத்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் கரும்பலகையில் ஐயா வரைந்த குதிரைத் தலை கண்முன் வரும்.

ஐயாவுக்கு இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எழுதுவதற்குள் அவர் போய்விட்டார். அந்தக் குறை எனக்குத் தீரவில்லை.

சென்ற ஒன்றுகூடலில் பள்ளிக் கீதம் பாடினோம். நடுப்பகுதிகளில் பலருக்கு வரிகள் மறந்து குரல் தேய்ந்தது. ஒவ்வொரு முறையும் பல்லவிக்குத் திரும்பியபோது மண்டபம் நிறைந்தது. அன்று வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்தவன் இப்போதும் என் பக்கத்தில் நின்றான். மூன்றாம் முறை பல்லவி வந்தபோது என் தோளைத் தொட்டு, "ஒளிமுறிவு" என்றான்.